குருஜியா என்ற பழைய பெயர்

கடை வரிசைத் தாளைப் பார்த்ததும் இசோகோவுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. ஜப்பானின் உவேதா நகர உலக உணவுச் சந்தையில் பத்து வருடமாக வாசலுக்கு எதிரே இருக்கும் எட்டாம் எண் கடை அவளுடையது. மருமகள் கேதவான் தன் நாடான குருஜியாவின் சீஸ் ரொட்டியைச் சுடுவாள், இசோகோ கூவி விற்பாள். இந்த வருடம் அந்த இடத்தில் குரோஷியா நின்றது. குருஜியாவைக் காணவே காணோம். இரண்டாம் வரிசையில், கழிப்பறையை ஒட்டி, ஜமைக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் ஜோஜியா என்று ஏதோ ஒரு நாடு உட்கார்ந்திருந்தது.

குரோஷியா கடை சந்தைக் குழுச் செயலாளர் கமிஜோவின் மனைவியுடையது. இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது? இசோகோ சைக்கிளை எடுத்தாள்.

"கமிஜோ சான், உங்க வீட்டம்மாவுக்கு வாசல் காத்து வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே! எதுக்கு எங்களைக் கக்கூஸ் பக்கம் தள்ளினீங்க?"

"அய்யய்யோ, நான் எங்க தள்ளினேன்? சண்டை வரக் கூடாதுன்னுதான நாட்டுப் பேரை நம்ம எழுத்து வரிசைப்படி அடுக்குறோம்? அந்த நாடே கேட்டுக்கிட்டதால போன மாசம் சட்டத்துலயே மாத்திட்டாங்க. குருஜியா இனிமே ஜோஜியா, இங்கிலீஷ்ல ஜார்ஜியான்னு சொல்றாங்களே, அதேதான். 'ஜோ'வை நம்ம எழுத்துல 'ஜி' போட்டுத்தான எழுதறோம், அதனால 'கு' வரிசையில இருந்த நீங்க 'ஜி' வரிசைக்குப் போயிட்டீங்க. டி.வி.யில கூட சொன்னாங்களே!"

"எங்களை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"உங்க மருமகதான் வந்து புதுப் பேர்ல படிவம் எழுதிக் குடுத்தாங்க. இடம் தள்ளிப் போகுமேன்னு சொன்னேன், பரவாயில்லைன்னாங்க. நீங்க அனுப்பித்தான் வந்தாங்கன்னு நெனச்சேன்."

"ஆமா ஆமா, மறந்தே போச்சு" என்று இசோகோ சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தாள். சொந்த வீட்டு விஷயம் தனக்குத் தெரியாது என்று கமிஜோவிடம் ஒப்புக்கொள்வதை விடக் கழிப்பறைப் பக்கமே மேல்.

வழியெல்லாம் அதே நினைப்பு. படிவத்தை மறைத்தவள் இன்னும் எதையெல்லாம் மறைக்கிறாளோ! புத்தாண்டுக்குப் பிறகு அவள் நாட்டுத் தூதரகத்திலிருந்து மூன்று உறைகள் வந்தன. கேதவான் பால்கனியில் நின்று தன் மொழியில் போன் பேசும்போது இசோகோவுக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான், பேத்தி ஷியோரியின் பெயர். மகன் தகுமா இறந்து இரண்டு வருடமாகிறது. வெளிநாட்டு மருமகளுக்கு இங்கே இனி என்ன ஒட்டு? குழந்தையோடு விமானம் ஏறிவிட்டால் இசோகோ அந்த வீட்டில் யார் முகத்தைப் பார்ப்பாள்?

அந்தப் பயத்தில்தான் பதினெட்டு நாளைக்கு முன்பு கேதவானின் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்து வைத்தாள். தப்பு என்று தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வேறு என்ன செய்வாள்? அன்றிலிருந்து கேதவான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனம்தான் இசோகோவின் தூக்கத்தைக் கெடுத்தது.

வீட்டில் கேதவான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கமிஜோ சானைப் பாத்துட்டு வரேன்" என்றாள் இசோகோ.

கேதவானின் கை நின்றது. "சொல்லாம செஞ்சது தப்புதான் அத்தை. குருஜியாங்கறது ரஷ்யாக்காரங்க எங்களைக் கூப்பிட்ட பேரு. ஏழு வருஷம் முன்னாடி நடந்த போர்ல அவங்க போட்ட குண்டுலதான் என் அண்ணன் செத்தான். அதுக்கப்புறமும் அந்தப் பேரைச் சொல்லித்தான் இங்க ரொட்டி வித்தேன். ஒவ்வொரு தடவையும் வாய் கசக்கும்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"கடை போர்டுல குருஜியான்னு எழுதினது அவருதானே. அதை அழிக்கலாமான்னு உங்ககிட்ட எந்த வாயால கேக்கறது?"

போர்டில் இருந்தது தகுமாவின் கையெழுத்து என்பது இசோகோவுக்கும் தெரியும். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. "அப்ப தூதரகத்துலேர்ந்து வந்த கடிதாசியெல்லாம்?"

"பேரு மாறுறதைப் பத்தித்தான். இங்க இருக்கற எங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் வந்துச்சு."

"அப்ப நீ ஊருக்குப் போகலையா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேதவான் அவளையே பார்த்தாள்.

"பாஸ்போர்ட்டை எடுத்தது நீங்கதான்னு அடுத்த நாளே தெரியும். இப்பவாவது நீங்களே சொல்வீங்களான்னு பாத்தேன்."

"எப்படித் தெரியும்?"

"அவரு படத்துக்குக் கீழ இருக்கற இழுப்பறையிலதானே வச்சிருக்கீங்க? தினமும் நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி அவருக்கு ஊதுபத்தி ஏத்துறேன். ஊதுபத்தி அந்த இழுப்பறையிலதான் இருக்கு."

கேதவான் வேற்று மதத்துக்காரி, மகனின் படத்துக்கு முன் ஒரு நாளும் கை கூப்பியதில்லை என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லித் திரிந்தவள் இசோகோ. எழுந்து போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து, இரண்டு கைகளாலும் பிடித்துத் தலை குனிந்து நீட்டினாள்.

அங்கேயே இருக்கட்டும் அத்தை என்று கேதவான் சொல்லுவாள் என எதிர்பார்த்தாள். கேதவானோ அதை வாங்கித் தன் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.