கல்வாழைக்கு ஒரு இடம்

பள்ளிகொண்டாவிலிருந்து தங்கை கொடுத்தனுப்பிய கல்வாழைக் கிழங்குகளை மஞ்சப்பையில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆம்பூரில் மனை கிடைத்துவிடும், செடி வைக்க மண் கிடைக்காது. எங்கள் தெருவில் தோல் ஷெட் உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறதென்றால், கொல்லையில் ஒரு சிட்டிகை மண் கிள்ளி ரசத்தில் போடலாம். கேட் ஓரம் வைத்த கிழங்கு கருகிப்போனது. மாடிப்படிக்குக் கீழே வைத்தது எட்டிப் பார்த்துவிட்டு, ஊர் பிடிக்காமல் செத்தது. கடைசியில், தரைக்குள் இருக்கும் தண்ணீர் சம்ப்பை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் பச்சையாகப் புல் தெரிந்தது. அங்கே வைத்தேன்.

பிறகு நடந்ததை யாரும் நம்புவதில்லை. பெங்களூர் ரயிலில் போகிறவர்கள் கை நீட்டிப் பூப்பறிக்கிற உயரத்துக்கு வளர்ந்தது. ராத்திரியில் கிழங்கு மண்ணுக்கடியில் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. அது என் குறட்டை என்றாள் அமிர்தவள்ளி. வீட்டுக்காரிக்கு ரசனை கம்மி.

இந்தக் கோடையில்தான் சம்ப்பில் தண்ணீர் தங்காமல் போனது. வாரம் ஒருமுறை விடுகிற நல்ல தண்ணீர். கீழே நாங்கள் இருவர். மாடியில் வாடகைக்கு முபஷ்ஷிராவும் அவளுடைய இரண்டு பெண்களும். அவளுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை, புருஷன் இல்லை. ரம்ஜானில் அவள் கொண்டுவரும் நோன்புக் கஞ்சியை அமிர்தவள்ளி எனக்குக்கூட மிச்சம் வைக்க மாட்டாள். அப்படி இருந்தவர்கள் சம்ப் மூடியருகே சண்டைக்கு நின்றார்கள்.

"நாங்க கம்மியாதான் புடிக்கிறோம் ஆன்ட்டி. பசங்களுக்குத் தலைக்கு ஊத்தியே ஒரு வாரமாவுது."

"அப்ப தண்ணிக்குக் கால் மொளச்சுப் போய்டுச்சா?"

அமிர்தவள்ளி வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இங்கே வீடு கிடைப்பது கல்வாழைக்கு மண் கிடைப்பதைவிடக் கஷ்டம். வாணியம்பாடியில் ஒற்றை அறை அமைந்ததாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாற வேண்டும்; அவள் கம்பெனிக்கு வர விடியும் முன் பஸ் ஏற வேண்டும்.

நேற்றுக் காலை அவள் சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்து நின்றது. பார்க்கத் தைரியமில்லாமல் கடப்பாரையோடு செடிப் பக்கம் ஒதுங்கினேன். பக்கக் கன்றுகள் ஜாஸ்தியாகிவிட்டன, வேறு இடம் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கு. குத்தினால், பாலாற்றிலேயே இல்லாத ஈரம். தோல் பதனிடும் ஷெட்டில் ஊறல் தொட்டியருகே ஆயுள் முழுக்க நின்றவன் நான். தோலில் உப்பு போயிற்றா என்று விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பது பழக்கம். வைத்தேன். உப்பு இல்லை; சம்ப்பின் நல்ல தண்ணீர். கிழங்கை இழுத்தபோது சம்ப் சுவரின் சிமெண்ட் சில்லும் கூடவே வந்தது. விரிசலுக்குள் கொத்துக் கொத்தாக வேர். ஒழுகின தண்ணீரைத் தேடி வேர் வந்ததா, வேர் போய்ச் சுவரைப் பிளந்ததா, தெரியவில்லை.

"அமிர்தம், இங்க வா."

"இன்னா?"

குழியில் தண்ணீர் ஊறித் தெளிந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"அவகிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க."

"நான் சொன்னா நம்புவாளா? எப்பவும்போல கதை அளக்கிறேன்னு நெனச்சுப்பா."

கேட்டருகே முபஷ்ஷிரா முன்னாலும் டிரைவர் பின்னாலுமாகக் கட்டிலைத் தூக்கிவந்தார்கள். அமிர்தவள்ளி போய், டிரைவர் பிடித்திருந்த பக்கத்தை வாங்கிக்கொண்டாள். முபஷ்ஷிரா திரும்பிப் பார்த்தாள். அமிர்தவள்ளி கட்டிலை மெல்ல வீட்டுப் பக்கம் இழுத்தாள். வெளியே ஒருத்தி, உள்ளே ஒருத்தி. கேட்டுக்கு நடுவே கட்டில் இரண்டு பேர் கையிலும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.