சொறிச்சில் என்ற சொல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்து கேரளத்து மட்டாஞ்சேரியில் துப்புரவுப் பணி செய்துவந்த பிச்சைமணி, எட்டு மாதக் கர்ப்பிணியான தன் மனைவி முப்பிடாதியை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றான். தலைச்சன் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவற்றுப் போயிருந்தது. ஏன் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஆகையால் இம்முறை டாக்டர் கமலாக்ஷி முன்கூட்டியே இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார்.

ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே வந்த முப்பிடாதியின் முகம் கடுகடுவென்றிருந்தது. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள் என்றாள். பஸ் நிறுத்தம் வந்ததும் பொரிந்து தள்ளினாள்.

"எனக்குச் சொறி இருக்கான்னு கேக்காவ. தெருக் கூட்டுறவன் பெண்டாட்டின்னா சொறி இருந்தே தீரணுமா?"

"நீ என்ன சொன்ன?"

"அப்படி ஒரு சீக்கும் எனக்கு இல்லன்னேன்."

அவள் கொஞ்ச நாளாகவே உள்ளங்காலை வாசற்கல்லில் தேய்ப்பதைப் பிச்சைமணி கண்டிருந்தான். கேட்டால் சூடு என்பாள்.

"அவுக கேட்டது சொறியில்ல புள்ள. மலையாளத்துல அரிப்புக்குத்தான் சொறிச்சில்னு பேரு."

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, அவள் கையைப் பற்றித் திரும்ப அழைத்துச் சென்றான். தடுத்த நர்ஸையும் மீறி உள்ளே நுழைந்து, அவள் உள்ளங்கையை டாக்டரின் மேசைமீது விரித்துக் காட்டினான். நகம் பட்டுச் சிவந்த கோடுகள் அதில் நிறைந்திருந்தன.

அரிப்பு இல்லை என்றதால் மறு பரிசோதனைக்கென்று ஒதுக்கிவைத்திருந்த அறிக்கையை டாக்டர் மறுபடி எடுத்தார். கல்லீரல் நலிந்தால் இரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. என்னும் நொதி, இருக்க வேண்டியதைப்போல் நான்கு மடங்கு இருந்தது. பித்தம் வடியாமல் இரத்தத்தில் கலப்பதால்தான் இந்த அரிப்பு என்றும், தாயைவிடப் பிள்ளைக்கே இதனால் ஆபத்து என்றும், இனி வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றும் அவர் விளக்கினார். பின்பு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போன தடவையும் இது இருந்ததா?"

முப்பிடாதி ஆமென்று தலையசைத்தாள். "நான் சொல்லாததாலயா டாக்டரம்மா அது போச்சு?" என்றாள்.

"ஆரும் உன்கிட்ட கேட்கலையே, மோளே" என்று மகளிடம்போல் சொல்லி டாக்டர் அந்தக் கையை மெல்ல மூடினார்.

அன்றே வார்டில் சேர்த்தார்கள். நாள்தோறும் பிள்ளையின் துடிப்பைக் கேட்டார்கள். இருமுறை மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். முப்பத்தேழாம் வாரம், மேலும் காத்திருப்பது தகாது என்று மருந்தேற்றி வலி வரவழைத்தார்கள். உச்சிப்பொழுதில் ஒரு வீறிடல் கேட்டது. வெளியே சுவரோரம் நின்றிருந்த பிச்சைமணி கதவருகே ஓடினான்.

"பெண்குட்டியாணு" என்று நர்ஸ் அவனை உள்ளே அழைத்து, மகளைச் சுற்றிய துணிச்சுருளை நீட்டினாள்.

சோர்ந்து கிடந்த முப்பிடாதி கணவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "குட்டியாம்ல. நான் என்ன ஆடா?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துணிக்குள்ளிருந்து ஒரு பிஞ்சுக் கால் அவன் மணிக்கட்டை உதைத்தது.