சிவப்பு நூல் ஓடும் கயிறு

மார்ச் 11, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. இழுவைப்படகின் வலையில் செத்து வந்த ஆமைகள் ஐந்து என்று எழுதியிருக்கிறேன். நான்குதான். ஒன்றை மல்லாந்து கிடக்கும்போது எண்ணினேன். யாரோ அதைப் புரட்டிப் போட்ட பிறகு திரும்பவும் எண்ணிவிட்டேன். ஐந்தை அழிக்கவில்லை. மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நான்கு என்று எழுதினேன். தவறு தெரியும்படி இருக்க வேண்டும் என்பது, வேலை முடிந்து நாங்கள் படிக்கப் போகிற மாலை வகுப்பில் சொன்ன விதி. எனக்கு அந்த விதி பிடிக்கும். நான் நிறையத் தவறு செய்கிறவள்.

இன்றும் நாலரைக்கே கொட்டகைக்குப் போனேன். இழுவைப்படகு வந்ததும் சரக்கைச் சிமெண்டுத் தரையில் கொட்டுகிறார்கள். நாங்கள் பதினொரு பெண்கள் கவிழ்த்த பெட்டிகள்மேல் உட்கார்ந்து பிரிக்கிறோம். இறால் ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம், பொடிமீன் ஒரு பக்கம். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போய், இறால் முள் குத்தினால் வலிப்பதில்லை. ஏழு மணிக்கு வெயில் பட்ட பிறகுதான் வலிக்கும். மீனைத் தொடுவதற்கு முன்னால் வலையோடு வந்த கடற்புல்லையும் பாசியையும் அள்ளிக் கடலில் வீச வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை; கை தானாகச் செய்யும். அது முடிந்ததும் குழாயை எடுத்துப் படகின் தளத்தைக் கழுவுவது என் வேலை.

போன வியாழக்கிழமையும் கழுவினேன். அதை இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

அன்று இதே படகில் அண்ணனின் வலது கை வலை இழுக்கும் வின்ச்சில் போனது. வலை எதிலோ சிக்கி, கம்பிவடம் உருளையில் ஏறிக்கொண்டது. அதை விலக்கிவிட அண்ணன் கையை வைத்தான். ஓட்டுநர் வின்ச்சை நிறுத்தவில்லை. ஓட்டுநர் படகு முதலாளியின் மச்சினன். படகு கரைக்கு வந்தபோது முதலாளி என்னைப் பார்த்து, "நின்னுக்கிட்டு அழாத. தளத்தைக் கழுவு" என்றார். கழுவினேன். ரத்தத்தோடு ஒரு கூடை கடற்புல்லும் போனது. நீளமான, பச்சை மாறாத புல். அந்தப் புல், வலை போடக் கூடாத ஆமைச் சரணாலயத்துக்குள் தவிர இந்தப் பக்கம் வேறெங்கும் முளைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை கழுவிக்கொண்டே இருந்தது.

சரணாலயத்துக்கு வெளியே, ஆழ்கடலில், அண்ணனின் கவனக்குறைவால் நடந்த விபத்து என்று முதலாளி அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே, "உள்ளதான் இருந்தோம்" என்றான். அன்று படகில் கூட இருந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அந்தச் சரணாலய வளைகுடாவை நாங்கள்தான் விட்டுக்கொடுத்தோம். சின்னப் படகுக்காரர்கள் எல்லோரும் கூடி, ஆமை மேய்கிற இடம், மீன் குஞ்சு பொரிக்கிற இடம், இனி வலை போடுவதில்லை என்று முடிவு செய்து, மிதவைகளைத் தங்கள் கையாலேயே இறக்கினார்கள். ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. அப்படிக் காத்த இடத்தில் முதலாளி விடியும் முன்னே புகுந்து வாரிக்கொண்டு வருகிறார். அண்ணனின் கையும் அங்கேதான் கிடக்கிறது.

டீசல் பீப்பாய் எந்தப் பூட்டுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதையும் எழுதிவைக்கிறேன். அழிக்கப் போவதில்லை.

மார்ச் 12, புதன்

வலை தைக்கிற அக்காவை எல்லோரும் முடிச்சக்கா என்றுதான் கூப்பிடுவோம். இன்று காலை முதலாளி அவளிடம் வந்தார்.

"போன வாரம் கிழிஞ்ச வலையை தைக்க வேணாம். எரிச்சிரு."

"புது வலைங்க. ஓரத்துலதான் கிழிசல். ரெண்டு நாள்ல தச்சுத் தரேன்."

"உங்கிட்ட யோசனை கேட்டனா?"

"இல்லீங்க."

"அப்ப எரி."

அவர் போனதும் முடிச்சக்கா கொஞ்ச நேரம் ஊசியால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். உடைந்த ஊசிக்குக் கூடக் கணக்குக் கேட்கிற மனிதர் புது வலையை எரிக்கச் சொல்கிறார் என்றால் வலைக்குள் என்னவோ இருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் பிரித்துப் பார்த்தாள். பிறகு முகவாயால் ஜாடை காட்டி என்னை அழைத்தாள்.

கண்ணிகளுக்குள் முழநீளக் கயிறு ஒன்று இறுகிக் கிடந்தது. ஒரு முனை பிய்ந்திருந்தது.

"இது யார் கைவேலை, சொல்லு."

"தெரியலக்கா."

"என்னோடது. எனக்குப் பீச்சாங்கைப் பழக்கம். இழையை இடப்பக்கமாத்தான் திருப்பி முறுக்குவேன். இந்தத் துறையில வேற எவளும் இப்படி முறுக்கமாட்டா." நகத்தால் இழையைப் பிரித்தாள். நடுவே சிவப்பு நூல் ஒன்று ஓடியது. "சரணாலயத்து மிதவைக்கெல்லாம் நான்தான் கயிறு முறுக்கிக் குடுத்தேன். எல்லையில நிக்கிற மிதவைன்னா நீல நூல். ஆமை மேயற இடத்துல, நட்ட நடுவுல நிக்கிறதுக்குத்தான் சிவப்பு."

வலை எதில் சிக்கியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கயிற்றைக் கையில் வாங்கினேன். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

"இன்னைக்கே படகைக் கொளுத்திடலாம்க்கா" என்றேன்.

பக்கத்தில் இருந்த ரேடியோ கேட்டுவிட்டாள். வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர். "கொளுத்து. நீ ஜெயிலுக்குப் போ. அவன் நாலு நாள் அழுதுட்டு இதைவிடப் பெரிய படகா வாங்குவான். திறப்பு விழாவுக்கு உன் அண்ணனையும் கூப்பிடுவான்."

"அப்ப விட்டுடச் சொல்றியா?"

"விடவா?" என்றாள் முடிச்சக்கா. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "படகு இருக்கணும். உரிமம் போகணும். அவன் வீட்டு வாசலுக்கு எதிர்லயே, கரையில கிடந்து, வெயில்ல பலகை பலகையாப் பிளக்கணும். தினம் பல்லு விளக்கறப்ப அவன் அதைப் பாக்கணும். எனக்கு அது போதும்."

எனக்கும் போதும் என்று தோன்றியது. நான் நல்லவள் இல்லையோ என்று யோசித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை. வகுப்பு முடிந்ததும் சரணாலயக் காவலரைப் பார்க்கப் போனோம். அவரும் எங்கள் வகுப்பில்தான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் படிக்கிறார். கயிற்றை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நல்ல சாட்சி. ஆனா இது மட்டும் போதாது. படகையும் பிடிக்கணும். தகவல் வந்து நான் காவல் மேடையிலிருந்து கிளம்பி இங்க சேர அரைமணி ஆகுது. ஒவ்வொரு தடவையும் தளம் பளபளன்னு இருக்கு. இந்தத் துறையிலயே சுத்தமான படகு அதுதான்."

எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

இன்று காலை முதலாளி நேராகக் கொட்டகைக்குள் வந்தார். "வலை எரிஞ்சுதா?"

"நைலான் ஈரமா இருக்குங்க" என்றாள் முடிச்சக்கா. "பத்த மாட்டேங்குது."

ஒருத்தி சிரித்தாள். அவர் என்னிடம் திரும்பினார். "உன் அண்ணனுக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி அனுப்பினது யாரு?"

"நீங்கதாங்க. வண்டி வர்றதுக்குள்ள என்னை ரத்தத்தைக் கழுவ வச்சதும் நீங்கதான்."

"கழுவறதுதான உன் வேலை?"

"ஆமாங்க. அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

அவர் குரல் ஏறியது. "ஒரு முழக் கயித்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணிடுவீங்க? எல்லை மிதவை காத்துல அறுந்து வெளிய வந்திருக்கும், சிக்கியிருக்கும்."

"கயிறுன்னு இங்க யாரும் சொல்லலீங்களே" என்றாள் முடிச்சக்கா. "அப்புறம், அது எல்லை மிதவை இல்லீங்க. நடு மிதவை. நூல் சிவப்பு."

பதினொரு பேரின் கைகளும் நின்றிருந்தன.

"நாளைக்கு வேலை செய்யறதா இருந்தா வாங்க. இல்லைன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்றார். வேறு இடம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

"வருவோங்க" என்றாள் ரேடியோ. "ஒருத்தி விடாம வருவோம்."

சாயங்காலம் எங்கள் வீட்டில் கூடினோம். இடம் பற்றாமல் பாதிப் பேர் தெருவில் நின்றார்கள். சின்னப் படகுக்காரர்களும் வந்தார்கள். நாளை படகு துறைக்குள் நுழைந்ததும் அவர்கள் தங்கள் படகுகளைத் துறை வாயிலின் குறுக்கே நிறுத்துவார்கள். சரக்கை இறக்கவிடாமல் நாங்கள் பதினொரு பேரும் தளத்திலேயே ஏறி உட்காருவோம். ரேடியோ காவலருக்குப் போன் செய்வாள். சுருக்கமாகப் பேசுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். அந்த அரைமணி நேரம் புல்லையோ ஆமையையோ வலையையோ யாரும் தொடக் கூடாது. முதலாளி அடியாட்களைக் கூட்டி வரலாம். காவலருக்கு மேலே இருப்பவர்கள் கோப்பை மூடிவிடலாம். இரண்டையும் பேசினோம். அதற்குப் பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

"முதலாளியோட மச்சினன் குழாயைத் திறந்துவிட்டா என்ன செய்யறது?" என்று கேட்டேன். எனக்கு அந்தப் பயம்தான்.

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரோரம் சாய்ந்திருந்த அண்ணன், விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கூட்டத்தில் பேசினான். "தண்ணிக் குழாயோட பெரிய வால்வு கொட்டகைக்குப் பின்னால இருக்கு. நான் போய் மூடிட்டு அது மேலயே உக்காந்துக்கறேன். கை தட்டத்தான் ரெண்டு வேணும். வால்வை மூட ஒண்ணு போதும்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாததால் எது என்று எழுதவில்லை.

அன்று படகில் கூட இருந்த இரண்டு பேரில் ஒருவர் வாசல்வரை வந்து நின்றார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. அண்ணன் நகர்ந்து சுவரோரம் இடம் விட்டான்.

நாளை, சனி. நாலரைக்குக் கொட்டகை. குழாயைத் தொடக் கூடாது. வகுப்பிலிருந்து கேட்டு வாங்கிய சுண்ணக்கட்டி பையில் இருக்கிறது. ஒவ்வொரு ஆமையையும் எண்ணியதும் அதன்மேல் ஒரு கோடு போட வேண்டும்.