தொண்ணூறு பேரில் ஒருவன்

அறுபத்தைந்தாம் வருஷத்து ஆடிச் சாரல் விட்டபாடில்லை. குற்றாலத்துப் பெரிய அருவிக்குப் பக்கத்துப் பாறையில் எண்ணெய் தேய்ப்பவர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கடைசியில் பால்வண்ணநாதன், எண்ணெய்க் கிண்ணத்தைத் துண்டால் மூடிக் காத்திருந்தான். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கனத்தது. காய்ச்சலின் கிறக்கத்தில், அருவி மேலிருந்து விழவில்லை, கீழிருந்து மலைக்கு ஏறிப் போகிறது என்று தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கச் சுகமாகக்கூட இருந்தது. பசிதான் நடுநடுவே தட்டி எழுப்பியது.

சீசன் பிறந்ததிலிருந்து அவன் முன்னால் ஒரு முதுகும் வந்து உட்காரவில்லை. தப்பு அவனுடையதுதான். மதுரை டாக்டர் சொன்னதை அப்படியே பாறையில் வந்து ஒப்பித்தான். அவனுக்கு வந்திருப்பது ஒரு வகை ரத்தப் புற்று. அது வந்த பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு, ரத்தத்துக்குள் நூல் மாதிரி ஒன்று ஒடிந்திருக்குமாம். அவனுக்கும் அப்படியே. பிள்ளைகளுக்குப் போகாது, தொட்டாலும் ஒட்டாது. கேட்டவர்கள் மனசில் நின்றது தொண்ணூறு மட்டும்தான். அவன் கை பட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வரும் என்று தென்காசி வரை பேச்சுப் போய்விட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"டாக்டரு இன்னைக்குக் குளிக்க வருதாவ அண்ணாச்சி," என்றான் பக்கத்தில் இருந்த நாறும்பூநாதனிடம். "மாத்திரை வாங்கப் போனப்பச் சொன்னாவ. அவுக எங்கிட்ட ஒருக்கா எண்ணெ தேச்சுக்கிட்டாப் போதும். எல்லாவனும் பாத்துக்கிடுவான்."

"தேய்க்காம எங்க போவாவ. ஒட்டாதுன்னு சொன்னதே அவுகதானலே," என்றார் நாறும்பூநாதன்.

உச்சிப்பொழுதில் டாக்டர் இடுப்பில் துண்டோடு, சிநேகிதர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பால்வண்ணநாதன் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு எழுந்து நின்றான். அவனைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மாத்திரை கேக்குதுப்பா. வீக்கம் கொறைஞ்சிருக்கு," என்றார். பிறகு சிநேகிதரிடம் திரும்பி, "நூத்துக்குத் தொண்ணூறுன்னு சொன்னேனே, அதுல இவன் ஒருத்தன். இவன் ரத்தத்தைத்தான் மெட்ராஸ் மீட்டிங்ல காட்டினேன்," என்றார்.

வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பால்வண்ணநாதன் ஓரடி முன்னால் வந்தான்.

"உக்காருங்க ஐயா. தலைக்கு வைக்கேன்."

"நீ ரெஸ்ட் எடுப்பா. உடம்பை அலட்டிக்காதே."

டாக்டர் நகர்ந்து நாறும்பூநாதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து முதுகைக் கொடுத்தார். நாறும்பூநாதன் யாரையும் பார்க்காமல் எண்ணெயைத் தொட்டார்.

பால்வண்ணநாதன் கையை ஏந்தியபடியே நின்றான். உள்ளங்கை எண்ணெயின்மேல் சாரல் முத்து முத்தாக விழுந்து உருண்டது.