முன் சில்லில் ஈரம்

கிருஷாந்தன் அந்தப் பழைய வேனை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் மாமியார் வடிவம்மா கேட்டது ஒரே கேள்வி: "இரும்புக்கடைக்கா?"

அதனால்தான் இன்று அவளை அதிலேயே ஏற்றி மாத்தளைத் தேர்த் திருவிழாவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதென்று இருந்தான்.

ஹந்தானையிலிருந்து டவுனுக்கு இறங்கும் பாதை முழுக்க வளைவு. புறப்படுமுன் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்துவிட்டு, முன் சில்லுக்குப் பின்னால் டோர்ச் அடித்தான். பிரேக்கின் ரப்பர் ஹோஸ் ஈரமாக இருந்தது. பிரேக் ஒயில் கசிகிறதா?

"அது தேங்காத் தண்ணி, மாப்பிள்ள," என்றாள் வடிவம்மா. சற்று முன்புதான் சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்திருந்தாள். "என் கையால ஒடச்சது. அங்கெல்லாம் தெறிச்சிச்சே."

வேனுக்காக அவள் பேசிய முதல் வார்த்தை. அப்படியே நம்பிவிட அவனுக்கு ஆசை. ஈரத்தை விரலில் தேய்த்தான்.

"வழுக்குதே, அத்த."

"தேங்கான்னா எண்ண இருக்காதா?"

முகர்ந்தான். "வாடையும் ஒரு மாதிரி."

"அப்ப என் தேங்கா அழுகலா?"

தேங்காய் அழுகல் என்றால் சகுனம் சரியில்லை, பயணம் கிடையாது. நல்ல தேங்காய் என்றால் வேன் பழுது, அப்போதும் கிடையாது. அவன் மனைவி சஞ்சீவனி வாசலில் எட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் சேராமல் உள்ளே போய்விட்டாள்.

அவன் வளைவுகளை நினைத்துப் பார்த்தான். ஹோஸைத் துணியால் நன்றாகத் துடைத்தான்.

"அத்த, ஸீட்டுல ஏறி பிரேக்க மிதிங்க. நான் கீழ பாக்குறேன்."

"நானா? எப்புடி மிதிக்கிறது?"

"என்னைய நெனச்சி மிதிங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். முதல் மிதியில் ஹோஸ் தவளைத் தொண்டை மாதிரி உப்பியது. அடுத்த மிதியில் வெடிப்பு வாய் திறந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. ஒயில் அவன் சட்டையில் பீச்சியடித்தது.

"தேங்கா நல்லதுதான், அத்த," என்றான் கீழே கிடந்தபடி. "வேன்தான் பழுது. நீங்க அன்னைக்கே சொன்னீங்க."

"சொன்னது கெடக்கட்டும். இன்னைக்குக் கண்டுபிடிச்சது யாரு?"

சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். மூவரும் ஆட்டோவில் டவுனுக்கு இறங்கினார்கள். மாத்தளை பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

"ஏறுங்கம்மா," என்றார் சாரதி.

வடிவம்மா ஏறவில்லை.

"தம்பி, நீங்க பிரேக்க மிதிங்க. எங்க மாப்பிள்ள கீழ படுத்துப் பாப்பாரு."

ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. சாரதி கிருஷாந்தனைப் பார்த்தார். கிருஷாந்தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.