ஆறரை மணிப் படகில் ஒத்திகை

ரியோ நகருக்கு எதிரே விரிகுடாவில் இருக்கும் பகெத்தாத் தீவில் எங்கள் சம்பா மேளக்குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஒத்திகை. கார்னிவல் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, வாத்தியார் அபீலியோ விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"இது சம்பா இல்லை. மாடிப்படியில யாரோ பாத்திரக் கூடையை உருட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். குழுவில் பாதிப் பேர் ரியோவில் வேலை பார்ப்பவர்கள். விடிந்ததும் படகேறிப் போய், மாலை ஆறரை மணிப் படகில் திரும்பி வந்தால் முரசைத் தூக்கத் தெம்பு இருக்காது. வாரத்துக்கு ஒரு நாள் வாசித்தால் கை எப்படிப் பேசும்?

மறுநாள் மாலைப் படகில், குழுவில் பெரிய முரசு அடிக்கும் சுலெய்டி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நேய்டி, இந்தப் படகு ஒரு மணி நேரம் ஓடுது. அவ்வளவு நேரமும் நீ என்ன பண்றே?"

"ஃபோன் பாக்குறேன்கா."

"நாளைக்கு உன் கைப்பறையை எடுத்துட்டு வா."

அக்கா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். திறக்க மறுக்கும் வாய்களைத் திறக்க வைத்தே பழகியவள். அவளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வராது.

மறுநாள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் படகின் பின்பக்கம் கூடினோம். முதல் அடி விழுந்ததும், ஜன்னலோரம் கண்ணைக் கைக்குட்டையால் மூடிப் படுத்திருந்த கணக்கர் ஒசோரியோ எழுந்து வந்தார்.

"அம்மா, என் வீட்ல மூணு வாலிபப் பசங்க, ரெண்டு நாய். நான் நிம்மதியா தூங்குறது இந்தப் படகுல மட்டும்தான்."

அவருக்குப் பின்னாலேயே படகு ஊழியரும் வந்து, முரசு கிரசெல்லாம் உள்ளே கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு முகம் தொங்கிப்போனது. அக்கா மட்டும் ஒசோரியோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாலம் வரைக்கும் நீங்க தூங்குங்க. அதுக்கப்புறம் எங்களுக்குக் குடுங்க. முரசு கிடையாது. சும்மா தொடையில தட்டிக்குவோம்."

"தொடையில மட்டும்தானே?"

"தொடை, தீப்பெட்டி. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து, விரிகுடாவின் குறுக்கே போகும் பெரிய பாலத்தைப் படகு தாண்டும்வரை நாங்கள் வாயைத் திறப்பதில்லை. தாண்டியதும் பைகள் திறக்கும். தீப்பெட்டிகள் கைப்பறை ஆகும், சாவிக்கொத்துகள் கிலுக்கு ஆகும், யாருடைய டிபன் டப்பாவாவது மத்தளமாகும். பெரிய முரசுக்குப் பதில் அக்காவின் குதிகால். மெதுவாகத் தட்ட வேண்டியிருந்ததால் ஒருவர் தட்டுவதை ஒருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. அதுவரை அவரவர் சத்தத்தை மட்டுமே கேட்டு வந்திருக்கிறோம் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

ஒருநாள் ஒசோரியோ மறுபடி எழுந்து வந்தார். நாங்கள் கையை மடக்கிக்கொண்டோம்.

"கொஞ்சம் சத்தமாவே தட்டுங்க" என்றார். "மெதுவா தட்டினா என்னதான் தட்டுறாங்கன்னு காது தானா இங்கே வருது. அதுதான் தூக்கம் கெடுது."

மறுவாரம் அவரும் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

ஞாயிறு ஒத்திகையில் வித்தியாசம் தெரிந்தது. படகில் பழகியவர்கள் ஒரே கையாக வாசித்தோம். தீவிலேயே வேலை பார்ப்பவர்கள் திணறினார்கள். சைக்கிள் வாடகைக்கு விடும் ஜோசெலீனோவுக்குக் கோபம். "திருட்டுத்தனமா பழகுறீங்க."

அடுத்த நாள் மாலை ரியோ துறையில் அவன் ரப்பர் செருப்போடு நின்றிருந்தான்.

"உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. திரும்பிப் போக வந்தேன்."

அவனைப் பார்த்து மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். வேலை வெட்டி எதுவுமில்லாமல் மதியப் படகில் ரியோவுக்கு வந்து, எங்களோடு ஆறரை மணிக்குத் திரும்பினார்கள். கடைசியில் வாத்தியாருக்கும் பொறுக்கவில்லை. தூரத்தில் போகும் படகைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும் மனிதர் அவர். தீவை விட்டு அவர் வெளியே போய்ப் பல வருடம். ஒருநாள் மதியப் படகில் அவரும் ரியோவுக்கு வந்தார். ஜோசெலீனோ தோளைப் பிடித்து இறக்கியபோது அவர் முகம் பச்சையாக இருந்ததாம்.

திரும்பும்போது எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாலம் போனது. அக்காவின் குதிகால் தட்டத் தொடங்கியது. இரண்டாவது சுற்றில் வாத்தியார் கண்ணைத் திறந்தார்.

"யாரு அந்தச் சாவிக்கொத்து? ஏன் ஓடுறீங்க? உங்களை யாரும் துரத்தலையே."

"நான் குழுவுல இல்லைங்க" என்றார் ஒசோரியோ.

"இப்ப இருக்கீங்க."

எலுமிச்சையைப் பையில் போட்டுவிட்டு வாத்தியார் எழுந்து நின்றார். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கை எங்களை நடத்தியது. படகு சாயும்போது அவரும் சாய்ந்தார், தாளம் சாயவில்லை. காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னிருக்கையைத் தட்டினார்கள். முரசு கூடாது என்ற ஊழியர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தீவில் இறங்கியதும் வாத்தியார் நேராக ஒரு மரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தார். அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

"கடல்ல வாந்தி எடுக்கவே மறந்துபோச்சு" என்று வாயைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சாவிக்கொத்துக்காரருக்கு நல்ல கிலுக்கு ஒண்ணு பாத்துக் குடுங்க. நாளைக்கு மதியப் படகு எத்தனை மணிக்கு?"

கார்னிவல் அன்று எங்கள் வாசிப்புக்குத் தீவே ஆடியது. கார்னிவலை முடித்துவைக்கும் சாம்பல் புதனும் கழிந்தது. இனி அடுத்த வருடம்வரை ஒத்திகைக்கு எந்த அவசியமும் இல்லை. வியாழக்கிழமை ஆறரை மணிப் படகின் பின்பக்கம் எங்கள் ஆட்களே நிறைந்து, எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டேதான் தீப்பெட்டியை எடுத்தேன்.