அராவிய அலகு

கோபின் விரலை நீட்டியதும் கூண்டுக்குள் இருந்த குருவி கடித்தது. விதை உடைக்கிற அலகு, ஆனால் வலிக்கவில்லை. அங்கேதான் அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

பெர்பீஸ் ஆற்றங்கரையில் ஞாயிறு காலை நடக்கும் குருவிப் பந்தயத்தில் இனம் பிரிப்பது அவன் பொறுப்பு. எதிரெதிர்க் கம்பங்களில் ஒரே இனக் குருவிகளின் இரண்டு கூண்டுகளை மாட்டுவார்கள். ஐம்பது கூவலை முதலில் எட்டுகிற குருவி ஜெயிக்கும். வளர்ந்த ஆண் குருவி என்றால் தகராறே இல்லை. முழுக்கக் கறுப்பு என்றால் பெரிய அலகு இனம். வயிறு மட்டும் செம்பழுப்பு என்றால் சின்ன அலகு இனம். இளசுகள்தான் தொல்லை. இரண்டு இனத்திலும் ஒரே தவிட்டு நிறம். அலகைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சேர்த்துவிட்டால் பெரியது போடும் சத்தத்தில் சின்னது வாயை மூடிக்கொள்ளும்.

இந்தக் கூண்டு அவன் தம்பி ஹர்தத்துடையது. தவிட்டு நிறம். அலகு சின்னது.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாக்குற? சின்ன அலகுன்னு சொல்லிட்டு விடு."

சங்கத் தலைவன் பெர்டாப் பக்கத்தில் வந்து நின்றான். ஹர்தத் வாங்கிக் கொடுத்த ரம் காலையிலேயே அவன் மூச்சில் வீசியது. "சொந்தத் தம்பி குருவிக்கே இவ்ளோ நேரமா? மத்தவன் குருவியப் பாக்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

பெர்டாப் நினைத்தால் கோபின் உட்கார்ந்து இனம் பிரிக்கும் முக்காலியில் வேறு ஆளை உட்கார வைக்கலாம். கரும்பாலை மூடிய பிறகு கோபினின் பேச்சை நாலு பேர் காது கொடுத்துக் கேட்டது அந்த முக்காலியில் மட்டும்தான்.

கூண்டுக் கிண்ணத்தில் ஒரு விதைகூட இல்லை. பாலில் ஊறிய பிஸ்கட் கூழ் புளித்துப்போய் ஈ மொய்த்தது. குருவியின் கழுத்து இறகிலும் அது காய்ந்து ஒட்டியிருந்தது.

பந்தயத்துக்கு முன்னால் சொந்தக்காரன் பச்சைப் புல்கதிர் ஒன்றைக் கம்பிக்குள் செருக வேண்டும். எல்லோரும் பார்க்கக் குருவி தின்ன வேண்டும். அது வழக்கம்.

"கதிர் குடு," என்றான் கோபின்.

"அது தின்னாச்சுண்ணே."

"குடுடா."

கோபினே ஒரு கதிரைப் பிடுங்கிச் செருகினான். குருவி பாய்ந்து வந்து ஒரு விதையைக் கவ்வியது. உருட்டியது, அழுத்தியது, உடைக்க முடியாமல் கீழே போட்டது. அடுத்ததையும் அப்படியே போட்டது. கோபின் கூண்டை வெயில் பக்கம் திருப்பினான். அலகின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கீறல்.

"அரம் போட்டு ராவிட்டியாடா?"

"நகம் வெட்டுற மாதிரிதாண்ணே. திரும்ப வளந்துரும்."

"ரத்தம் வந்துச்சா?"

"லேசா. மாவு வெச்சு அமுக்கினேன்."

கோபின் கூண்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். ஒருவனாவது காறித் துப்புவான் என்று நினைத்தான்.

"எந்த அரம்பா? மரத்துக்குப் போடுறதா, இரும்புக்கா?" என்று ஒருவன் அக்கறையாகக் கேட்டான்.

"என்னோடதையும் ராவிக் குடேன், ஹர்தத்து," என்றான் இன்னொருவன். சிரிப்பு எழுந்தது.

பெர்டாப்பும் சிரித்தான். "அலகப் பாத்துத்தானே இனம் பிரிக்கிறோம்? இப்ப அலகு சின்னதுதானே? அப்புறம் என்ன?"

"உன் காத அறுத்துட்டா நீ கோழியாயிருவியா? இது பெரிய அலகு. சின்னதோட விட மாட்டேன்."

"அப்ப எந்திரி."

கோபின் எழுந்தான். பெர்டாப் கண்ணைக் காட்ட, ஹர்தத் முக்காலியில் உட்கார்ந்தான். தன் குருவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சின்ன அலகு" என்றான். கூட்டம் கைதட்டியது. அண்ணன் முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை.

ஜெயித்தது ஹர்தத்தின் குருவிதான். எதிர்க்கூண்டுச் சின்னது பாதியிலேயே அடங்கி மூலையில் ஒடுங்கிக்கொண்டது. ஹர்தத்தைத் தோளில் தூக்கினார்கள். யாரோ ஒருவன் வெற்றிக்கென்று கூண்டுக்குள் கைநிறைய விதையைக் கொட்டினான்.

குருவி ஒவ்வொன்றாக எடுத்தது. ஒவ்வொன்றாகக் கீழே போட்டது.